பல்லி சொன்னால் சிரிப்பு, செயலி சொன்னால் நம்பிக்கை



போன எபிசோடுக்குப் பிறகு வந்த மெசேஜ்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான். "அண்ணா, பூனை கத்தினால் என்ன சொல்லுது எண்டு ஃபோன் சொல்லுமாமே, உண்மையா?" எபிசோடில் அதை ஒரு நிமிஷத்தில் கடந்து போய்விட்டோம். அப்படிக் கடந்து போகிற விஷயம் இல்லை அது. எனக்கு இதில் ஒரு கருத்து இருக்கு, கொஞ்சம் கோபமும் இருக்கு. இரண்டையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

சுருக்கமான பதில்: இல்லை. ஃபோன் ஏதோ சொல்லும். அதைச் சொன்னது பூனை இல்லை.

நீளமான பதிலுக்கு முதல், உங்கட வீட்டுச் சாமி அறைக்குப் போய் அங்கே கிடக்கிற பஞ்சாங்கத்தை எடுங்கோ. பல பஞ்சாங்கங்களில் பின்பக்கமாக 'பல்லி சொல்லும் பலன்' என்று ஓர் அட்டவணை இருக்கும். ஒரு பக்கம் ஏழு கிழமைகள், மற்றப் பக்கம் எட்டுத் திசைகள். இன்ன கிழமை இன்ன திசையில் பல்லி சொன்னால் இன்ன பலன்: லாபம், கலகம், நற்செய்தி, துக்கம், உறவினர் வரவு. கௌளி சாஸ்திரம் என்று இதற்குப் பெயரும் உண்டு. (றிச்மண்ட் ஹில்லில் எந்த வீட்டுச் சுவரிலும் பல்லி இல்லை. ஆனாலும் வருஷா வருஷம் அந்தப் பக்கம் தவறாமல் அச்சாகி வந்து சேருது.) கொம்பியூட்டர் சயன்ஸ் படித்த கண்ணால் பார்த்தால் அது சுத்தமான ஒரு லுக்-அப் டேபிள். இரண்டு இன்புட், ஒரு அவுட்புட். பல்லி சத்தம் போடுவது இன்னொரு பல்லிக்கு: இது என்ர இடம், விலகிப் போ, இல்லாவிட்டால் இணை தேடி. எங்கட கலியாணப் பேச்சும் விசா இன்டர்வியூவும் அதற்குத் தெரியாது.

அம்மம்மா அந்த அட்டவணையைப் பார்த்துப் பயணத்தைத் தள்ளிப்போட்டால் நாங்கள் சிரிப்போம். அதே நாங்கள் பூனைக்கு முன்னால் ஃபோனைப் பிடித்து, திரையில் "நான் உன்னை நேசிக்கிறேன்" என்று வந்ததும் ஸ்க்ரீன்ஷொட் எடுத்து குடும்ப வாட்ஸப் குழுவில் போடுவோம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் என்ன என்பதுதான் இந்தக் கிழமை என்னுடைய கேள்வி.

இது புதுக் கதையும் இல்லை. 2002இல் ஜப்பானின் டகாரா என்ற விளையாட்டுச் சாமான் நிறுவனம் 'பௌலிங்குவல்' என்று ஒன்றை விற்றது. நாயின் கழுத்துப்பட்டியில் ஒரு மைக், கையில் ஒரு சின்னத் திரை. குரைப்பை ஆறு உணர்ச்சிகளில் ஒன்றாகப் பிரித்துக் காட்டும். அதே வருஷம் அதற்கு இக் நோபல் பரிசும் கிடைத்தது, அதுவும் சமாதானத்துக்கு. 2020இல் அமேசனின் அலெக்ஸாவில் வேலை செய்த ஒரு எஞ்சினியர் 'மியாவ்டோக்' செயலியைக் கொண்டுவந்தார். 2025 மே மாதத்தில் சீனாவின் பைடு நிறுவனம் மிருகங்களின் சத்தத்தையும் நடத்தையையும் உடல் அளவுகளையும் சேர்த்து மனித மொழிக்கு மாற்றுவதற்குக் கேட்டிருந்த பேட்டன்ட் விண்ணப்பம் வெளியே வந்தது. இருபது வருஷத்தில் மைக் மலிந்தது, மொடல் பெருத்தது. விற்கிற வாக்குறுதி அப்படியே இருக்கு.

கொண்ட்ராக்டில் மற்றவர்களின் டேட்டாவைத் துப்புரவாக்குவது என்ர பிழைப்பு. அதில் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது: மொடலைப் பார்க்க முதல் லேபிளைப் பார்ப்பது. பூனைச் சத்தத்துக்கு லேபிள் எங்கிருந்து வருது?

நேர்மையான ஓர் உதாரணம் சொல்கிறேன். இத்தாலியில் மிலான் பல்கலைக்கழகத்தில் ஒரு டேட்டாசெட் செய்தார்கள். 21 பூனைகள், 440 ஒலிப்பதிவுகள், மூன்றே மூன்று சூழ்நிலைகள்: சாப்பாட்டுக்குக் காத்திருக்கும்போது, தெரியாத இடத்தில் தனியே விடப்பட்டபோது, மயிர் வாரிவிடும்போது. சத்தத்தை வைத்து, இது எந்தச் சூழ்நிலையில் பதிவானது என்று மொடல் கண்டுபிடிக்க வேணும். அவ்வளவுதான். அந்த லேபிள் உண்மையானது, ஏனென்றால் பதிவு செய்த ஆளுக்குச் சாப்பாட்டுத் தட்டு எங்கே இருந்தது என்று தெரியும்.

இப்ப ஒரு பாய்ச்சலைக் கவனியுங்கோ. "சாப்பாட்டுக்குக் காத்திருந்தபோது பதிவான சத்தங்களைப் போல இருக்கு" என்பது மொடலின் பதில். திரையில் வருவதோ "எனக்குப் பசிக்குது". முதலாவது புள்ளிவிபரம். இரண்டாவது வசனம், அதுவும் தன்மையில். பூனையின் வாயில் 'நான்' என்ற சொல்லை வைத்தது யார்? மொடல் வைக்கவில்லை. ஏதோ ஒரு மீட்டிங்கில் யாரோ வைத்தது அது. சில செயலிகள் "இது சரியா?" என்று உங்களையே கேட்டு, உங்கள் பதிலை லேபிளாக எடுத்துத் தங்களைத் திருத்திக்கொள்ளும். அதற்குப் பிறகு அந்த மொடல் படிப்பது உங்களை. நீங்கள் என்ன நினைப்பீர்கள் என்று ஊகித்து, அதைப் பூனையின் பெயரில் உங்களுக்கே திருப்பிச் சொல்லும். கேட்க நல்லாத்தான் இருக்கும்.

இங்கே ஒரு நல்ல எதிர்க்கேள்வி வரும், வந்தும் இருக்கு. "லேபிள் இல்லாமலே மொழிபெயர்க்கலாமே? அகராதி கொடுக்காமல் இரண்டு மொழியை மெஷின் தானாகப் பொருத்தினதே?" ஓம், பொருத்தியது. 2017இல் பேஸ்புக் ஆராய்ச்சியாளர்கள் செய்து காட்டினார்கள். ஒரு மொழியில் சொற்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு கிட்டத்தில் நிற்கின்றன என்று ஒரு வரைபடம், மற்ற மொழிக்கு இன்னொரு வரைபடம். ஒன்றைத் திருப்பி மற்றதன் மேல் வைத்தால் பெரும்பாலும் பொருந்தும். ஏன் பொருந்தும்? இரண்டு மொழியிலும் அம்மா இருக்கிறாள், மழை இருக்கு, காசு இருக்கு, கடன் இருக்கு. ஒரே உலகத்தைத்தான் இரண்டு பேரும் கதைக்கிறார்கள். திமிங்கிலத்தின் வரைபடத்தை எங்கட வரைபடத்தின் மேல் வைத்தால் பொருந்தும் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

திமிங்கில ஆட்களே அப்படிச் சொல்லவில்லை, அதுதான் எனக்குப் பிடித்தது. கரீபியனில் டொமினிக்கா தீவைச் சுற்றி ஸ்பேர்ம் திமிங்கிலங்களின் 'கிளிக்' சத்தங்களைப் படிக்கும் புரொஜெக்ட் செட்டி, 2024இல் வெளியிட்ட கட்டுரையில் அந்தச் சத்தங்கள் எந்தெந்தத் துண்டுகளால் கட்டப்படுகின்றன என்று காட்டியது. என்ன பொருள் என்று சொல்லவில்லை. 2025 ஏப்ரலில் கூகிள் அறிவித்த டொல்பின்ஜெம்மா மொடலுக்கும் இதே கதைதான். பெயர் கூகிளுக்கு, ஆனால் டேட்டா 1985இலிருந்து பஹாமாஸ் கடலில் இறங்கிக்கொண்டிருக்கும் வைல்ட் டொல்பின் புரொஜெக்டுடையது. எந்த டொல்பின், யாருடைய குட்டி, அந்தச் சத்தம் வந்தபோது என்ன செய்துகொண்டிருந்தது என்ற குறிப்போடு. மொடலுக்கு முன்னால் நாற்பது வருஷம் நனைந்த ஆட்கள் இருக்கிறார்கள்.

சரி, பூனைக்கு வருவோம். வளர்ந்த பூனைகள் தங்களுக்குள் 'மியாவ்' சொல்வது மிகக் குறைவு. குட்டி தாயைக் கூப்பிடும் சத்தம் அது. அதை வளர்ந்த பிறகும் வைத்திருப்பது எங்களுக்காக. ஆகவே பல்லி மாதிரி இல்லை. பூனை உண்மையிலேயே உங்களோடுதான் கதைக்குது. 2009இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் கேரன் மக்கோம் குழு இன்னொன்றையும் காட்டியது. சாப்பாடு கேட்கும் சில பூனைகள் தங்கள் குறுகுறுப்புக்குள்ளே குழந்தை அழுகையைப் போன்ற ஓர் உயர்ந்த சத்தத்தைச் செருகி வைக்கின்றன. பூனை வளர்த்துப் பழக்கமில்லாத ஆட்களுக்குக்கூட அது அவசரமாகக் கேட்டது. விடிய ஐந்து மணிக்கு நீங்கள் ஏன் எழும்புகிறீர்கள் என்று இப்ப விளங்கும்.

ஆனால் தெரியாத பூனையின் மியாவைப் போட்டுக் காட்டி "எதற்காகக் கத்துது?" என்று கேட்டால், ஆட்கள் கண்ணை மூடிக்கொண்டு குத்துமதிப்பாகச் சொல்வதைவிடக் கொஞ்சம்தான் நன்றாகச் செய்கிறார்கள். 2003இல் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் செய்த ஆராய்ச்சி அது. ஏனென்று யோசித்தால், எல்லாப் பூனைக்கும் பொதுவான ஒரு மொழி கட்டப்படவே இல்லை. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பூனையும் அந்த வீட்டு ஆட்களும் சேர்ந்து, எது எடுபடுது எது எடுபடேல்லை என்று பார்த்துப் பார்த்துச் செய்துகொண்ட தனி வழக்கு. உங்களுக்கு இது நல்லாய் விளங்கும். பாதித் தமிழும் பாதி இங்கிலீஷும், அப்பா மட்டும் சொல்லும் இரண்டு சொல்லுமாக உங்கட வீட்டில் ஓடுகிற மொழி அடுத்த வீட்டில் எடுபடுமா? எங்கட அம்மா ஃபோனுக்கு யாழ்ப்பாணத் தமிழில் ஒரு மெசேஜ் சொன்னால் அது பாதியை விழுங்கிவிட்டு மிச்சத்தைச் சென்னைத் தமிழாக்கித் தருது. கோடிக்கணக்கான ஆட்கள் கதைக்கிற, எழுத்தும் இலக்கணமும் உள்ள மொழியில் இந்த நிலைமை. இதே தொழில்நுட்பம் ஒரு கொண்டோவில் ஒரே ஒரு பூனை கதைக்கும் மொழியை அச்சொட்டாகப் பெயர்த்துவிட்டதாம்.

நாய்களின் பக்கம் நிலைமை வேறு. அங்கே எங்களைவிட அவை கெட்டிக்காரர். புடாபெஸ்டின் ஒட்வஸ் லோராண்ட் பல்கலைக்கழகத்தில் 18 நாய்களை எம்ஆர்ஐ இயந்திரத்துக்குள் அசையாமல் படுக்கப் பழக்கி, 'குட்டி இளவரசன்' கதையை ஸ்பானிய மொழியிலும் ஹங்கேரிய மொழியிலும் வாசித்துக் காட்டினார்கள். ஆராய்ச்சியை நடத்தியவர் மெக்சிக்கோவிலிருந்து தன் நாயோடு அங்கே குடிபெயர்ந்த லோரா குவாயா. தன்னுடைய நாய்க்கு ஊர் மாறினதும் மொழி மாறினது தெரியுதா என்பதுதான் அவருடைய கேள்வி. தெரியுது: வீட்டில் கேட்ட மொழிக்கும் கேளாத மொழிக்கும் மூளை வேறு வேறாக வேலை செய்தது. வயது கூடின நாய்களில் அந்த வித்தியாசம் இன்னும் தெளிவு.

இதை வாசித்தபோது எனக்கு எங்கட ஆட்கள்தான் ஞாபகம் வந்தது. பேரப்பிள்ளையோடு இங்கிலீஷ் கதைக்க வெட்கப்படும் தாத்தா, நாயைக் கண்டதும் "சிட்! கம் ஹியர்!" என்பார். ஊரிலும் அப்படித்தானாம். முற்றத்து நாய்க்கு 'உஞ்சு உஞ்சு', விரட்ட 'அடிக்!', காசு கொடுத்து வாங்கின 'சாதி நாய்'க்கு மட்டும் இங்கிலீஷ். அந்தச் சொல்லிலேயே எல்லாம் இருக்கு, அதற்கு இன்னொரு கட்டுரை வேணும். நாய்க்கு எந்த மொழியும் சரிதான். ஒரே சத்தம், ஒரே விளைவு, ஒவ்வொரு தடவையும். 'உஞ்சு' என்றால் மீன்தலை வரும், 'அடிக்' என்றால் செருப்பு வரும். இது ஒப்பந்தம், பெயர்ப்பு எதுவும் இதில் தேவையில்லை.

நாங்கள்தான் ஒப்பந்தத்தை மீறுகிறோம். வேலையால் வந்தால் சோபா கிழிந்து கிடக்கும், நாய் காதைப் பின்னுக்கு மடித்து மூலையில் பதுங்கும். "பார், செய்தது தெரிஞ்சுதான் முழிக்கிறான் கள்ளன்" என்போம். 2009இல் அலெக்ஸாண்ட்ரா ஹொரோவிட்ஸ் இதைச் சோதித்தார். நாய் தின்னக்கூடாததைத் தின்றதா இல்லையா என்பதை மறைத்து, சொந்தக்காரருக்குச் சில தடவை பொய்யும் சொன்னார். அந்த முழி நாய் செய்த குற்றத்தைப் பொறுத்து வரவில்லை. சொந்தக்காரர் ஏசினாரா என்பதைப் பொறுத்து வந்தது. தின்னாத நாயும் ஏச்சு விழுந்தால் முழித்தது. நாங்கள் 'வாக்குமூலம்' என்று வாசிப்பது, "கோபப்படாதே" என்ற கெஞ்சல். இந்தப் பிழையான மொழிபெயர்ப்புக்கு உலகம் முழுக்க நாய்கள் அடி வாங்குகின்றன. அந்தக் கெஞ்சலை விளங்காத சின்னப் பிள்ளைகள் கிட்டப் போய்க் கட்டிப்பிடித்துக் கடியும் வாங்குகிறார்கள்.

அப்ப மெஷினுக்கு இதில் ஒரு இடமும் இல்லையா? இருக்கு. கேள்வி சின்னதாக இருக்க வேணும், அவ்வளவுதான்.

கோயம்புத்தூருக்குப் பக்கத்தில் மதுக்கரை என்று ஓர் இடம். பாலக்காட்டுக்குப் போகும் ரயில் பாதை அங்கே காட்டை ஊடறுத்துப் போகுது. 2021 நவம்பரில் நவக்கரையில் மூன்று யானைகள் ஒரே ரயிலில் அடிபட்டுச் செத்தன. 2024 பெப்ரவரியில் தமிழ்நாடு வனத்துறை அங்கே 12 கோபுரங்களில் 24 வெப்பக் கமராக்களோடு ஓர் ஏஐ அமைப்பைத் தொடங்கியது. யானை பாதைக்குக் கிட்ட வந்தால் வன ஊழியருக்கும் ரயில்வேக்கும் எச்சரிக்கை போகும், ரயில் வேகம் குறையும். யானை என்ன நினைக்குது என்று அந்த மொடல் கேட்காது. யானை இருக்கா, எங்கே நிற்குது, இவ்வளவுதான் கேள்வி. பிழை விட்டால் அடுத்த நாளே எல்லாருக்கும் தெரியவரும். அப்படித் தெரியவந்தால்தான் திருத்தலாம்.

வீட்டுக்குள்ளும் அப்படி ஒன்று இருக்கு, அதுவும் கனடாவில் செய்தது. மொன்றியல் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்தியர்கள் 2019இல் பூனையின் முகத்தைப் பார்த்து வலியை அளக்கும் ஒரு முறையை வெளியிட்டார்கள். காது எப்படி நிற்குது, கண் எவ்வளவு சுருங்கியிருக்கு, மூக்கும் வாயும் சேர்ந்த பகுதி இறுகியிருக்கா, மீசை நீட்டி நிற்குதா, தலை தோளுக்கு மேலயா கீழயா. ஐந்துக்கும் 0, 1, 2 என்று புள்ளி. பத்துக்கு நான்கோ அதற்கு மேலோ வந்தால் வலி மருந்து பற்றி யோசிக்க வேணும். இதன் லேபிள் எங்கிருந்து வந்தது? உண்மையிலேயே வலியோடு ஆஸ்பத்திரிக்கு வந்த பூனைகளிடமிருந்து. மருந்து கொடுத்த பிறகு புள்ளி இறங்குதா என்றும் பார்த்தார்கள். இறங்கியது. கல்கரியில் ஒரு நிறுவனம் இதே வழியில் ஃபோன் கமராவில் பார்க்கும் செயலியும் செய்திருக்கு. அதற்கு நான் காசு கொடுப்பேன். அது பூனையின் வாயில் 'நான்' வைக்கவில்லை.

சத்தத்தைக் கேட்கும் செயலிகளில் எனக்குள்ள பெரிய பயம் இதுதான்: நோகும் பூனை பல தடவை ஒரு சத்தமும் போடாது. எங்கட வீட்டுப் பூனைக்குப் பெயர் மிளகு, ஒன்பது வயது. போன மாரியில் அம்மாதான் சொன்னா, "இவள் மூண்டு நாளாக் குசினிக்கு வரேல்லை. வந்தாலும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு கூனிக் கூனி இருக்கிறாள்." வெட்டிடம் கொண்டுபோனால் கடைவாய்ப் பல் ஒன்று வேரோடு பழுது. அந்த மூன்று நாளும் மிளகு வாயே திறக்கவில்லை. எந்தச் செயலிக்கும் இன்புட் பூச்சியம். (ஆண் பூனை வைத்திருக்கிறவர்கள் ஒன்றை மட்டும் மனதில் வையுங்கோ. அது மண் பெட்டிக்குள் போய் முக்கி முக்கிச் சலம் போகாமல் நின்றால், அன்றிரவே அவசர வெட். ஓரிரு நாளில் உயிர் போகும்.)

அம்மாவுக்கு இது எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். அவ வளர்ந்தது வடமராட்சியில், வீட்டில் மாடு. பொழுதுபடப் பட்டியில் போய்ப் பார்க்கிறது மாடு அசை போடுதா என்றுதானாம். அசை போடாத மாட்டுக்கு ஏதோ செய்யுது. அதை எந்த மிருக வைத்தியரும் ஒத்துக்கொள்வார்.

அந்த வீட்டிலேயே பல்லி அட்டவணையும் இருந்தது. இரண்டும் ஒரே அம்மம்மாவின் அறிவு. மாட்டைப் பற்றிப் பிழையாகச் சொல்லியிருந்தால் விடிய மாடு சொல்லிவிடும். பல்லியைப் பற்றிப் பிழையாகச் சொன்னால் யாருக்கும் தெரிய வராது, எதையாவது பொருத்திக்கொள்ளலாம். "நான் உன்னை நேசிக்கிறேன்" என்று காட்டும் திரை இதில் எந்தப் பக்கம்?

மொன்றியல்காரர்களின் ஐந்து படத்தையும் பிரின்ட் எடுத்து ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறேன். அம்மா ஒவ்வொன்றுக்கும் கீழே பேனையால் தமிழில் எழுதி வைத்திருக்கிறா: காது, கண், மூஞ்சி, மீசை, தலை. ஆறாவதாகத் தானே ஒரு வரி சேர்த்திருக்கிறா, படம் இல்லாமல்: "குசினிக்கு வரேல்லை."